பார்ப்பவர் அழுத்தலாகாது

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பொருள் விளையாட்டுச் சாமானா, வேலைச் சாமானா என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வி, சென்ற ஆனி மாதம் வரை எவருக்கும் எழவில்லை. பம்பரம் விளையாட்டுச் சாமான், மண்வெட்டி வேலைச் சாமான் என்று ஜனங்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டு, அரசின் வழிகாட்டுதல் ஏதுமின்றி, அநாதைகளாக வாழ்ந்து வந்தார்கள். இந்தக் குறையைப் போக்கும் பொருட்டு ‘மின்னணு விளையாட்டுச் சாதனங்கள் முறைப்படுத்தும் பிரிவு’ என்று ஒன்று உண்டாக்கப்பட்டது. பிரிவுக்கு ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஒரு ரப்பர் முத்திரை, இரண்டு ஊழியர்கள். மின்விசிறி ஓடாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேம் கடைகளில் பழியாய்க் கிடக்கிறார்கள் என்று மேலிடத்தில் யாரோ வருத்தப்பட்டதன் விளைவு இது. விதிகள் சுருக்கமானவை. விளையாட்டுப் பெட்டி வைத்திருப்பவர் உரிமம் பெற வேண்டும். கணினி வைத்திருப்பவர் பெற வேண்டியதில்லை. எது விளையாட்டுப் பெட்டி, எது கணினி என்று விதியில் சொல்லவில்லை. பார்த்தாலே தெரிந்துவிடும் என்று விதி எழுதியவர் நினைத்திருக்கலாம். அவர் கடைசியாகப் பார்த்த விளையாட்டுப் பெட்டி, டிவியில் சொருகி மஞ்சள் கேசட் போட்டு ஆடுகிற காலத்துப் பெட்டியாக இருந்திருக்கும்.

பிரிவின் தலைவராக வந்து அமர்ந்தவர் சபரிநாதன். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் பட்டாசு ஆலைகளைச் சோதனை போட்டவர். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை மேலிடம் ஒரு தகுதியாகவே கருதியது, பாரபட்சத்துக்கு இடமிருக்காதல்லவா. பட்டாசு ஆலையில் எந்த அறைக்குள் போகும் முன்னும் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், வெடிமருந்தில் தீப்பொறி விழாது. சபரிநாதனுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. எல்லா இடத்திலும் தகடு இருக்காதே என்பதால், ஒரு செப்புத் தகட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். வீட்டில் குளியலறைக்குப் போவதென்றாலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போவார் என்று பேச்சு.

இனி பாண்டிச்செல்வி. சிவகாசியில் ஒரு சந்துக்குள், முன்னறையும் பின்னறையுமாக இருக்கும் ‘செல்வி டிசைன்ஸ்’ அவளுடையது. முதலாளி, ஓவியர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் அவள் ஒருத்திதான். அப்பா செல்லச்சாமியும் அம்மா சின்னத்தாயும் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். மகள் மருந்து அறையில் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம். மற்ற எல்லாவற்றிலும் சண்டைதான். அவள் டிசைன் படித்து, மணிகண்டராஜ் என்பவரிடம் ஆறு வருஷம் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைந்தாள். படம் அவளுடையது, அடியில் பெயர் அவருடையது. வெறுத்துப்போய்ச் சித்திரையில் தனிக்கடை போட்டாள்.

கடைக்கு வேண்டிய கம்ப்யூட்டரை, அச்சகமும் பட்டாசுக் கம்பெனியும் வைத்திருக்கும் சீனிவாசகம் அண்ணாச்சியின் மகன் தருண்குமார் வாங்கிக் கொடுத்தான். கறுப்பாய், ரஸ்க் டப்பா அளவில் ஒரு பெட்டி. டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். கூடவே வயரில்லாத கீபோர்டு, மவுஸ், அப்புறம் இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக்.

“இது கம்ப்யூட்டரா தம்பி, இல்ல கேம் ஆடுறதா?” என்று கேட்டாள்.

“ரெண்டுந்தான்க்கா. இப்ப எல்லாம் அப்படித்தான் வருது. கேம் பெட்டிக்குள்ள கம்ப்யூட்டர வச்சு விக்கிறான், கம்ப்யூட்டருக்குள்ள கேம் பெட்டிய வச்சு விக்கிறான். உள்ள சரக்கு ஒண்ணு. அட்டைதான் வேற.”

சிவகாசிக்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே கம்பி மத்தாப்புக்கு மூன்று பெயரில் மூன்று அட்டை அவளே வரைந்திருக்கிறாள். ஜாய்ஸ்டிக்கை மேசை டிராயரில் போட்டு மூடினாள். அதன்பின் அதைத் தொடவேயில்லை.

ஆனி மாதம் அவளுக்கு முதல் ஆர்டர் வந்தது. அண்ணாச்சி புதிதாக ஒரு பூச்சட்டி போடுகிறார். பற்ற வைத்தால் மயில் தோகை விரித்த மாதிரி எழும். அதற்கு லேபிள் வேண்டும்.

“வெள்ளிக்கெளம மத்தியானம் அச்சுக்குப் பிளேட்டு போடணும்மா,” என்றார் அண்ணாச்சி. “ஒரு மணி நேரம் தள்ளுனாலும் நான் மணிகண்டராஜ்ட்டதான் போவேன். சீசன்ல தயவு தாட்சண்யம் பாக்க முடியாது.”

ஆறு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த ஒரு மயில் பாண்டிச்செல்வியிடம் இருந்தது. மணிகண்டராஜ் பெயருக்குக் கீழே அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இப்போது அதை எடுத்தாள். வலது மூலையில், எறும்பு அளவில், தன் பெயரைப் போட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள். நினைக்கவே நெஞ்சு நிறைந்தது.

திங்கட்கிழமை காலை, மயிலின் கோட்டுப்படம் முடிந்து வர்ணம் தொடங்கும் நேரத்தில், சபரிநாதன் வந்து வாசலில் நின்றார். பின்னால் எழுத்தர் சங்கிலிமுத்து ஒரு மணல் வாளியோடு நின்றார். கேம் பெட்டி வைத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறாள் என்று பெயரில்லாத மனு ஒன்று போயிருந்தது. மனுவில் பெயர்தான் இல்லையே தவிர கையெழுத்து மணிகண்டராஜுடையது என்பது பாண்டிச்செல்விக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஆறு வருஷம் அந்தக் கோணல் எழுத்தைத் திருத்தியவளாயிற்றே.

“செருப்ப வெளிய விடுங்க. இந்தத் தகட்டத் தொட்டுட்டு உள்ள போங்க,” என்றார் சபரிநாதன்.

“இது என் கடை சார்.”

“கடை உங்களுது. விதி எல்லாத்துக்கும் பொது.”

அவள் தொட்டாள். அவர் தொட்டார். சங்கிலிமுத்துவும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து தொட்டார்.

“இந்த அறையில எத்தன பேரு வேல பாக்குறீக?”

“நான் ஒருத்திதான்.”

“நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது.”

“ஒருத்திதான் சார்.”

“அதத்தான் சொல்றேன். நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது.”

பட்டாசு அறை விதிப்படி நால்வருக்கு மிகாமல் இருக்க அறிவுறுத்தப்பட்டது என்று சங்கிலிமுத்து எழுதிக்கொண்டார். சபரிநாதன் பெட்டியை டேப்பால் நீளம், அகலம், உயரம் அளந்தார். டிராயரைத் திறந்து ஜாய்ஸ்டிக்கையும் அளந்தார்.

“இந்தப் பெட்டியில வேல பாக்க முடியுமா?”

“பாத்துக்கிட்டுத்தான சார் இருக்கேன். மயிலு வரையிறேன்ல.”

“விளையாட முடியுமா?”

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வளர்ப்பு அப்படி. “முடியும் சார். ஆனா நான் விளையாடுறதில்ல.”

“விளையாடுறீகளா இல்லையாங்கறது கேள்வியே இல்ல. வெடி வெடிச்சாத்தான் வெடியா? பெட்டியில சும்மா இருக்கும்போதும் வெடிதான? வேலையும் இருக்கு, விளையாட்டும் இருக்கு, எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. சங்கிலிமுத்து, இதுக்கு என்ன பேரு?”

“கலவை சார்.”

கலவை என்றதும் சபரிநாதனின் முகம் இறுகியது. தனித்தனியாக இருக்கிறவரை சாதுவான சரக்குகள் கலந்தபின் என்ன செய்யும் என்று பார்த்த மனிதர். “கலந்த மருந்த அன்னன்னைக்கே முடிக்கணும். மிச்சம் இருந்தா சாயங்காலமே அழிச்சிரணும். இது எத்தன நாளா இங்கன இருக்கு?”

“சித்திரையில இருந்து.”

“மூணு மாசமாவா!” அவர் ஒரு அடி பின்னால் போனார். “இத உடனே அழிச்சாகணும்.”

“சார், அதுக்குள்ள என் மயிலு இருக்கு!”

“மயிலு வனத்துறை. நம்ம பிரிவுல வராது.”

பாண்டிச்செல்விக்குக் கண்ணில் நீர் முட்டியது; அதைவிட அதிகமாய்க் கோபம் முட்டியது. “அண்ணாச்சி வீட்டுலயும் ஒரு பெட்டி இருக்கே சார். அதப் பாத்தீகளா?”

“அங்கன போயிட்டுத்தான் வாரோம். அது கணினி.”

நடந்தது இதுதான். தருண்குமாரின் அறையில் பந்தயக் கார் இருக்கை மாதிரி ஒரு நாற்காலி, ஏழு வர்ணத்தில் எரிகிற கீபோர்டு, கதவு அகலத்துக்கு ஒரு திரை இருந்தன. இவர்கள் போனபோது அவன் திரையில் பேய்களைச் சுட்டுக்கொண்டிருந்தான். ஆனால் பில்லில் ‘அலுவலகப் பயன்பாட்டுக் கணினி’ என்று இருந்தது. கம்பெனி பெயரில் பில்.

“பேயைச் சுடுறது அலுவலக வேலையா சார்?”

இதற்குச் சங்கிலிமுத்து பதில் சொன்னார். “அலுவலக நேரத்துல அலுவலகக் கணினியில எதச் செஞ்சாலும் அது அலுவலக வேலைதான்மா. இது எங்க அனுபவம்.”

அவளுடைய பில்லில் கேம் பெட்டி என்று அச்சாகியிருந்தது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அழிப்பதற்கான அனுமதியைச் சபரிநாதன்தான் சபரிநாதனுக்கு வழங்க வேண்டும் என்பதாலும், அதை விருதுநகர் அலுவலக மேசையில் இருந்துதான் வழங்க முடியும் என்பதாலும், அழிப்பு புதன்கிழமைக்கு வைக்கப்பட்டது. சந்தேகத்தின் பலனை எதிர்த்தரப்புக்குத் தரும் பொருட்டு, அழிப்பதற்கு முன் விசாரணையும் உண்டு என்றார். விருதுநகருக்கு எடுத்துப்போகப் பெட்டியைத் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அரக்கு உருக்க மெழுகுவத்தி ஏற்றும்போது மட்டும், பாதுகாப்பு கருதி, மூவரும் தெருவில் போய் நின்றார்கள்.

புதன்கிழமை சின்னத்தாய் ஆலைக்கு லீவு போட்டாள். ஆமத்தூர் தாண்டிப் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது மகளிடம் கேட்டாள்: “எந்தச் சபரிநாதன்? தகட்டத் தூக்கிட்டுத் திரிவாரே, அவரா? எங்க அறைக்கு மாசாமாசம் வருவாரே. நல்ல மனுசன். விதியத் தவிர வேற எதுக்கும் பயப்பட மாட்டாரு.”

“நல்ல மனுசனா! என் பொழப்புல மண்ணு போடப் பாக்குறாரு, நல்ல மனுசன்ங்கற.”

“நீ வாயத் தொறக்காத புள்ள. அவருகிட்டப் பேசுற பாஷை ஒனக்குத் தெரியாது.”

அலுவலகத்தில் பெட்டி மேசைமேல் இருந்தது. பக்கத்தில் மணல் வாளி. கீழே தண்ணீர் நிரம்பிய இன்னொரு வாளி. மிச்ச மருந்தைத் தண்ணீரில் முக்கி அழிப்பதே வழக்கம் என்று சங்கிலிமுத்து தணிந்த குரலில் தெரிவித்தார். பாண்டிச்செல்வியால் அந்த வாளியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது.

“கும்புடுறேன்யா. நான் சின்னத்தாயி. அச்சங்குளம், பதினாலாம் நம்பர் அறை.”

சபரிநாதன் நிமிர்ந்தார். “பதினாலா? ஒரு நாளும் தகட்டத் தொடாம உள்ள போகாதவுக நீங்கதான?”

“நாந்தான்யா. ஒரு சந்தேகம் கேக்கலாமா? கரி தனியா இருந்தா வெடியா?”

“இல்ல.”

“கந்தகம் தனியா இருந்தா?”

“இல்ல.”

“வெடியுப்பு?”

“இல்லம்மா. மூணும் கலந்தாத்தான்.”

“அப்ப இதுல எது எதோட கலக்குதுன்னு பாக்கணும்லய்யா. கண்ணு டிவியப் பாக்குது. கையி பட்டன அமுக்குது. ரெண்டும் கலந்தாத்தான வெளையாட்டு? எங்க வீட்டுக்காரரு நாள் பூரா டிவியவே பாக்காரு, கையி சும்மாதான் கெடக்கும். அத யாரும் வெளையாட்டுங்கறதில்ல. நான் நாள் பூரா கையால வெடிக்குள்ள மருந்து செலுத்துறேன், டிவிய ஏறெடுத்துப் பாக்க நேரமில்ல. அதையும் யாரும் வெளையாட்டுங்கறதில்ல. கண்ணையும் கையையும் பிரிச்சு வச்சுட்டா, இதுல கலவை எங்கன இருக்கு?”

சபரிநாதன் எழுந்து நின்றார். ஜன்னல் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள், சிபாரிசு பிடித்திருக்கிறார்கள், தீபாவளிக்குப் பெட்டி கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். அவருடைய விதியைக் கொண்டே அவரிடம் பேசியவர் ஒருவருமில்லை. பையிலிருந்த தகட்டை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

“மருந்து கலக்குற அறை வேற, செலுத்துற அறை வேற. அதே மாதிரி பார்க்கும் அறை வேற, அழுத்தும் அறை வேற. இது ஏன் எனக்குத் தோணல?”

“சார், பாக்காம நான் எப்படி சார் வரைவேன்?” என்றாள் பாண்டிச்செல்வி.

சின்னத்தாய் அவள் தொடையில் கிள்ளினாள். “சும்மா இரு புள்ள. வாளியப் பாரு.”

உத்தரவு அங்கேயே தயாராயிற்று. ‘மேற்படி சாதனமானது, பார்ப்பவர் ஒருவராகவும் அழுத்துபவர் பிறிதொருவராகவும், இருவருக்குமிடையே ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத கனமுடைய சுவர் அமையப்பெற்றும் இயக்கப்படும்பட்சத்தில், கலவை நீங்கியதாகக் கருதப்பட்டு, கணினி எனவே கொள்ளப்படும். பார்ப்பவர் அழுத்தலாகாது, அழுத்துபவர் பார்க்கலாகாது.’ சங்கிலிமுத்து அதை எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்து, மேசையில் வைத்தார். படிப்பது சங்கிலிமுத்துவின் வேலை என்பதால் சபரிநாதன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு தண்ணீர் வாளியில் கை கழுவினார்.

வியாழக்கிழமை காலை பெட்டியும் டிவியும் பின்னறையின் கிழக்குச் சுவரில் அடித்து முத்திரையிடப்பட்டன. கீபோர்டும் மவுஸும் முன்னறையில் இருந்தன. இரண்டுக்கும் நடுவிலிருந்த கதவில், இரு பக்கமும் முதுகைக் காட்டாமலும் முகத்தைக் காட்டாமலும், கதவு நிலையைப் பார்த்தபடி பக்கவாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சங்கிலிமுத்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை வரை கண்காணிக்கும்படி அவருக்கு ஆணை. சின்னத்தாய் இரண்டாம் நாளும் லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் சம்மணம் போட்டாள்.

“அம்பு எங்கன இருக்கும்மா?” முன்னறையிலிருந்து பாண்டிச்செல்வி கத்தினாள்.

“எந்த அம்பு?”

“டிவியில சின்னதா ஒரு அம்பு ஊரும்ல.”

“ஆங், இருக்கு. மயிலு மூக்குக்கிட்ட.”

“மூக்கா? நான் தோகையில இருக்கேன்னு நெனச்சேன். தோகைக்கு எப்படிப் போகணும்?”

“வடக்க வா.”

பாண்டிச்செல்வி மவுஸை மேலே தள்ளினாள். பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில் வடக்கு மேலேதான் இருந்தது.

“வடக்க வா, வடக்க... ஏ புள்ள, எங்கன போற?”

“வடக்கதான் போறேன்.”

“சரி, இன்னும் வா. நான் சொல்றப்ப நில்லு.”

கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சின்னத்தாய்க்கு வடக்கு என்பது இடது கைப்பக்கம். அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் வழி சொல்லி வந்திருக்கிறாள். சோற்றைக்கூட ‘தெக்க தள்ளி வை’ என்றுதான் சொல்வாள். இந்த வித்தியாசம் விளங்குவதற்குள் தோகையில் பாதி மயிலின் உச்சந்தலையில் முளைத்துவிட்டது. அழிக்கப் போனபோது ஒரு கால் காணாமல் போயிற்று. காலைத் திருப்பிக் கொண்டுவந்தபோது கண் வயிற்றுக்கு இறங்கியிருந்தது.

“தோகைக்கு என்ன பச்சைம்மா வந்திருக்கு?”

“பூச்சட்டிப் பச்சை.”

“நான் கேட்டது மத்தாப்புப் பச்சை.”

“மத்தாப்புப் பச்சையும் இருக்கு. அது தரையில கொட்டிக் கெடக்கு.”

பாண்டிச்செல்வியால் தாங்க முடியவில்லை. எழுந்து கதவருகே போனாள். சங்கிலிமுத்து நிலையைப் பார்த்தபடியே கையை நீட்டி மறித்தார். “யம்மா, அழுத்துறவுக பாக்கப்படாது.”

“நீங்களாச்சும் ஒரு தடவ எட்டிப் பாத்துச் சொல்லுங்கண்ணே. மயிலு மயிலு மாதிரி இருக்கான்னு மட்டும்.”

“நான் பார்ப்பவரும் இல்ல, அழுத்துபவரும் இல்லம்மா. கண்காணிப்பவர். கண்காணிக்கிறவுக எதையும் பாக்கக் கூடாது.”

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னத்தாய் தொண்டை கட்டிப்போய், “போதும் புள்ள, இதுக்கு மேல தொட்டா இருக்கிற ஒத்தக் காலும் போயிரும்,” என்றாள். படத்தைப் பென்டிரைவில் ஏற்றினார்கள். அது பின்னறையில் சொருகி, பின்னறையில் கழற்றப்பட்டது. வரைந்தவள் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணாச்சியின் அச்சகத்தில் படத்தைத் திறந்தார்கள். வர்ணம் ஏறிய தன் மயிலைப் பாண்டிச்செல்வி முதன்முறையாகப் பார்த்தாள். தலையிலிருந்து தோகை கிளம்பிப் பெட்டியின் விளிம்புக்கு வெளியே போயிருந்தது. ஒற்றைக் கால் நீலமாய் இருந்தது. வயிற்றிலிருந்து ஒரு கண் உற்றுப் பார்த்தது. மூலையில் எறும்பு அளவில் இருக்க வேண்டிய அவள் பெயர், பூச்சட்டியின் பெயரைவிடப் பெரிதாய், மயிலின் நெஞ்சில் குறுக்கே கிடந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்காகவும் முடியவில்லை. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் யாருக்கும் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்த மயில் அது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அவர் கை மணிகண்டராஜுக்குப் போன் போடச் சட்டைப்பைக்குப் போனது. அந்த நேரத்தில் தருண்குமார் உள்ளே வந்தான்.

“அப்பா! யாரு பண்ணுனது இது? இப்ப பாம்பேயில இதான் போயிக்கிட்டு இருக்கு. இந்த மாதிரி வரையச் சொல்லிக்குடுக்கவே அங்க தனியா காலேஜு வச்சிருக்கான்.”

“எனக்கு ஒண்ணும் வெளங்கலயேடா.”

“அதான்ப்பா இதுல விசேசமே.”

அண்ணாச்சி யோசித்தார். நாற்பது வருஷ வியாபாரி. “வெளங்காத சரக்குன்னா வெளியூர்க்காரன் வாங்கத்தான் செய்வான். ஏ புள்ள செல்வி, ஒம் பேரு ஏன் நெஞ்சுல இம்புட்டுப் பெருசா கெடக்கு?”

“தெரியாம விழுந்துருச்சு அண்ணாச்சி. இப்பவே எடுத்துர்றேன்.”

“எடுக்காத, எடுக்காத. ஒண்ண எடுத்தா இன்னொண்ணு வெளங்கிறப் போகுது. அப்படியே பிளேட்டுக்குப் போடச் சொல்லு.”

அந்தத் தீபாவளிக்கு ‘பாண்டிச்செல்வி பூச்சட்டி’ போன போக்கு ஊரறிந்தது. அட்டையில் பெரிதாய் இருப்பதுதானே பெயர் என்று ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். பற்ற வைத்தால் மயில் வந்ததா என்று யாரும் கவனிக்கவில்லை. பெட்டியைப் படம் பிடிப்பதில் முனைப்பாக இருந்தார்கள். கிழியாத பெட்டிக்குத் தனிக் கிராக்கி என்றும் கேள்வி. சிவகாசி டிசைன்காரர்கள் எல்லோரும் அவசர அவசரமாகக் கொத்தனாரைத் தேடினார்கள். ‘இங்கு இரண்டறை முறையில் லேபிள் வரைந்து தரப்படும்’ என்று பலகைகள் முளைத்தன. மணிகண்டராஜ் ஒரு சுவர் போதாதென்று இரண்டு சுவர் எழுப்பி, திரையைப் பார்ப்பதற்குக் கிட்டப்பார்வைக்காரர் ஒருவரை வேலைக்கு எடுத்தார். தருண்குமார் தன் கணினித் திரையைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, பேய்களைப் பார்க்காமலேயே சுட்டுக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் லெவலே வேறு என்று நண்பர்களிடம் சொன்னான்.

சபரிநாதனின் அறிக்கை மேலிடத்தில் வெகுவாகப் பாராட்டப்பட்டது. அரசு அலுவலகக் கணினிகளிலும் சீட்டாட்டம் முதலானவை இருப்பதால் அங்கும் கலவையை நீக்கும்படி சுற்றறிக்கை போயிற்று. மூன்று மாதம் கழித்து வந்த ஆய்வுக் குறிப்பு இவ்வாறு கூறியது: ‘பெரும்பாலான அலுவலகங்களில் கோப்பைப் பார்ப்பவர் கையெழுத்திடுவதில்லை, கையெழுத்திடுபவர் கோப்பைப் பார்ப்பதில்லை என்னும் முறை நெடுங்காலமாகவே நடைமுறையில் இருந்து வருவதால், சுவர் எழுப்பியது தவிர வேறு மாற்றம் தேவைப்படவில்லை. பணிகளின் வேகம் முன்போலவே உள்ளது. பொதுமக்களிடமிருந்து புதிதாகப் புகார் எதுவும் வரவில்லை.’

கார்த்திகையில் வல்லுநர் குழு ஒன்று கூடி ஆராய்ந்து, விளையாட்டுப் பெட்டிக்கும் கணினிக்கும் இக்காலத்தில் வித்தியாசம் ஏதுமில்லை என்று கண்டுபிடித்தது. தருண்குமார் சித்திரையிலேயே சொன்னதுதான். அவன் குழுவில் இல்லை. வித்தியாசமே இல்லாதபோது பிரித்துப் பார்க்க ஒரு பிரிவு எதற்கு என்று பிரிவு கலைக்கப்பட்டது. சபரிநாதன் பழைய வேலைக்கே சந்தோஷமாகத் திரும்பினார். போகும் முன் தானே நேரில் வந்து, தகட்டைத் தொட்டுவிட்டு, அரக்கு முத்திரையை உடைத்துக் கொடுத்தார். பாண்டிச்செல்வியும் பழக்கதோஷத்தில் தகட்டைத் தொட்டுவிட்டாள்.

அவர் தெரு முனை திரும்பியதும் டிவியையும் பெட்டியையும் முன்னறைக்குத் தூக்கிவந்தாள். மூன்று நாள் சோறு தண்ணி நினைப்பில்லாமல் உட்கார்ந்து அந்த மயிலை வரைந்தாள். கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பீலியாய், தோகை இருக்க வேண்டிய இடத்தில் தோகையும் கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு காலுமாய் வரைந்தாள். வலது மூலையில் எறும்பு அளவில் பெயர் போட்டாள். ஆலையிலிருந்து வந்த சின்னத்தாய் திரை முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். “உசுரோட நிக்குதே புள்ள,” என்றாள். பாண்டிச்செல்விக்கு அதுவே போதும் போலிருந்தது.

அடுத்த சீசனுக்கு என்று அதை அண்ணாச்சியிடம் கொண்டுபோனாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“யாரு வரைஞ்சது?”

“நாந்தான் அண்ணாச்சி.”

“பாத்து வரைஞ்சியா?”

“ஆமா அண்ணாச்சி.”

“அதான் தெரியுது,” என்று பெருமூச்சு விட்டார். “மயிலு அச்சு அசலா மயிலு மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்காம இல்லம்மா. என் பேத்தி நோட்டுக்கு அட்டை போடலாம். ஆனா சந்தைக்கு ஆகாது. ஊரே பாக்காம வரையும்போது நீ மட்டும் பாத்து வரைஞ்சா, இந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு, பழைய கை போயிருச்சுன்னுல பேசுவாக. மணிகண்டராஜ் மூணாவது செவரு கட்டுறானாம். வெள்ளிக்கெளம வரைக்கும் பாப்பேன்.”

பாண்டிச்செல்வி கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் நின்ற மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, டிவியையும் பெட்டியையும் பின்னறைக்குக் கொண்டுபோய், பழைய ஆணிகளிலேயே கிழக்குச் சுவரில் மாட்டினாள். மறுநாள் அம்மாவை லீவு போடச் சொன்னாள்.

“அதான் சட்டம் போயிருச்சே புள்ள. பெறகு எதுக்கு நம்ம இங்கன கெடந்து கத்தணும்?” என்றாள் சின்னத்தாய்.

“நீ பாரும்மா. நான் அமுக்குறேன். கதவ உள்பக்கம் தாப்பாப் போட்டுக்கோ. இப்ப மறிக்க ஆளு கூட இல்ல. மனசு கேக்காம நான் எட்டிப் பாத்தாலும் பாத்துருவேன்.”

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவள் மவுஸில் கை வைத்தாள்.

“அம்பு எங்கன இருக்கும்மா?”

“மூக்குக்கிட்ட. தோகைக்குப் போகணும்னா வடக்க வா.”

அம்மாவுக்கு வடக்கு எந்தப் பக்கம் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். மவுஸை மேலே தள்ளினாள்.